மாட்டுக் கொழுப்பு அறவே கிடையாது

ஜப்பான்காரன் மலாயாவுக்கு வந்த இரண்டாவது வருஷம். நாங்கள் அப்போது நெகிரி செம்பிலானில், மந்தினிலிருந்து உள்ளே நாலைந்து மைல் நடந்து போக வேண்டிய ஒரு கித்தாத் தோட்டத்தில், அதாவது ரப்பர்த் தோட்டத்தில் இருந்தோம். எனக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. வயது இருபது. தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்தவள் என்ற திமிர் நிறையவே இருந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் பின்னால் நடந்தது எதுவும் விளங்காது.

இப்போது சிரம்பானில், ராசாவில் மகன் வீட்டில் இருக்கிறேன். போன மாதம் தொலைக்காட்சியில் ஒரு சோப்புத்தூள் விளம்பரம் வந்தது. பார்க்கிறவர்களைச் சீண்டிவிடுகிற மாதிரி எடுத்திருந்தார்கள். இதென்ன இப்படி என்று கேட்டேன். "வேணும்னுதான் அப்படிப் பண்றாங்க அத்தை. திட்டுறவங்க திட்டட்டும், நாலு பேர் பேசுனா போதும்ல" என்றாள் மருமகள். எனக்கு அதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஐம்பது வருஷத்துக்கு முன்னாலேயே அந்த வேலையைச் செய்து பார்த்தவள் நான்.

வெள்ளைக்கார துரை சண்டைக்குப் பயந்து ஓடிப்போன பிறகு தோட்டத்தில் பால் வெட்டு பாதியாகக் குறைந்துவிட்டது. மரங்களை வெட்டிச் சாய்த்துவிட்டு அங்கே மரவள்ளி போட்டோம். ரேஷன் அரிசி கொஞ்சமாக வரும், கல்லோடு வரும். துணி இல்லை, எண்ணெய் இல்லை, தீப்பெட்டி இல்லை. எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டோம். சோப்பு இல்லாமல் போனதுதான் எங்களைப் போட்டுப் படுத்தியது. சண்டைக்கு முன்னால் கடையில் நீளக் கட்டியாக வரும், நூலைப் போட்டு அறுத்துத் தருவார்கள். அது நின்றுபோனதும் சாம்பலையும் மணலையும் தேய்த்துக் குளித்தோம். பாதிப் பேருக்குச் சொறி. பிள்ளைகள் விரலிடுக்கைச் சொறிந்துகொண்டே பள்ளிக்குப் போவார்கள்.

எங்களுக்கு அடுத்த லயத்தில், அதாவது அடுத்த வீட்டு வரிசையில், ஓர் அக்கா இருந்தார். வேதக்காரர். இரண்டு பெண் பிள்ளைகள். புருஷனை ஆறு மாதத்துக்கு முன்னால் ஜப்பான்காரன் சயாமுக்கு ரயில் பாதை போடக் கூட்டிக்கொண்டு போய்விட்டான். மூன்று மாதத்தில் திருப்பி அனுப்பிவிடுவோம் என்றுதான் சொன்னார்கள். ஒரு தகவலும் இல்லை. அந்த அக்கா சிறுவயதில் சிரம்பானில் ஒரு பாதிரியார் பங்களாவில் துணி வெளுக்கும் வேலையில் இருந்தவர். அங்கே கற்றுக்கொண்டதை வைத்துத் தானே சோப்பு காய்ச்ச ஆரம்பித்தார்.

சும்மா கிடந்த பால் மங்குகளில்தான் அதை ஊற்றி ஆறவைப்பார். கித்தாப் பால் பிடிக்க மரத்தில் கட்டுகிற பீங்கான் கிண்ணத்தைத்தான் நாங்கள் மங்கு என்போம். அதே வடிவத்தில் சோப்பு குட்டி இட்லி மாதிரி வெள்ளையாக வரும். கெட்டியாக இருக்கும், நுரைக்கும். ஒரு சோப்புக்கு ஒரு வேளைக்கான கிழங்கோ, ஒரு கை அரிசியோ, இரண்டு கருவாடோ கொடுத்து வாங்கிப் போவார்கள். அந்த மூன்று பேருடைய வயிறும் அந்த மங்குகளை நம்பித்தான் இருந்தது. இது தோட்டத்தில் எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

நானும் சோப்பு காய்ச்சினேன். என் வீட்டுக்காரருக்குக் காய்ச்சல் அடிக்கடி வந்து வேலைக்குப் போகாமல் படுத்துவிடுவார். வயிற்றுப்பாட்டுக்காகத்தான் ஆரம்பித்தேன் என்று இன்றைக்குச் சொல்லிக்கொள்ளலாம். அதில் பாதி வயிற்றெரிச்சல். எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பொம்பளை காய்ச்சுகிற சோப்பு எனக்கு வராதா என்ற நினைப்பு. செம்பனை எண்ணெயையும் சாம்பல் தண்ணீரையும் கலந்து காய்ச்சினேன். காவி நிறத்தில் களி மாதிரி வந்தது. போட்டுக் குளித்தால் மேலெல்லாம் எண்ணெய் வாடை. கொடுத்தவர்கள் மறுபடி வரவில்லை.

அக்காவிடம் போய்ப் பக்குவம் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, "அது என் பொழப்பு தங்கச்சி, அத மட்டும் கேக்காத. உனக்குச் சோப்பு வேணும்னா வந்து எடுத்துக்க, ஒண்ணும் குடுக்க வேணாம்" என்றார். ஒரு சோப்பை எடுத்து என் கையில் வைத்தும் அனுப்பினார். எனக்கு அதில்தான் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பிச்சை போட்டுவிட்டார் என்று நினைத்தேன்.

எங்கள் வீட்டுப் பலகைச் சுவரில் காற்று வராமலிருக்கப் பழைய பத்திரிகைத் தாள்களைக் கஞ்சிப் பசை போட்டு ஒட்டியிருந்தோம். படுத்தால் கண்ணுக்கு நேரே விளம்பரங்கள்தான். கூந்தல் தைலம், பல்பொடி, தாது புஷ்டி லேகியம். எல்லாவற்றின் அடியிலும் 'போலிகளைக் கண்டு ஏமாறாதீர்கள்' என்று ஒரு வரி இருக்கும். அதை நூறு தடவை படித்திருக்கிறேன். அன்றைக்குத்தான் அந்த வரியின் சூட்சுமம் புரிந்தது. யார் பெயரையும் சொல்லாமலே, பக்கத்துக் கடைக்காரனைத் திருடன் என்று சொல்லிவிட்டுப் போகிற வரி அது.

ஒரு தகரத் துண்டை எடுத்து, சுண்ணாம்பைக் குழைத்து, பெரிய பெரிய எழுத்தாக எழுதினேன். 'சுத்தமான தாவர எண்ணெய் சோப்பு. மாட்டுக் கொழுப்பு அறவே கிடையாது. போலிகளைக் கண்டு ஏமாறாதீர்கள்.' அதற்குக் கீழே எங்கள் லயமும் வீட்டு நம்பரும். தண்ணீர் பிடிக்கிற பைப்படிக்குப் பக்கத்து மரத்தில் கட்டலாம் என்று எடுத்துக்கொண்டு கிளம்பினேன். என் வீட்டுக்காரர் படுக்கையிலிருந்தபடியே அதைப் படித்துவிட்டு, "மாட்டுக் கொழுப்பு இருக்கான்னு உன்ன யாரு கேட்டா?" என்றார்.

"யாரும் கேக்கல. இனிமே கேப்பாங்க" என்றேன்.

"வேண்டாம்லா" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார். நான் போய்க் கட்டிவிட்டு வந்தேன்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். மந்தின் ரோட்டோரத்தில் ஜப்பான்காரனுடைய முகாம் ஒன்று இருந்தது. அதற்கு முந்தின மாதம்தான் முகாம் ஆட்கள் வந்து எங்கள் தோட்டத்து மாடுகளை ஓட்டிக்கொண்டு போனார்கள். பால் கறந்து பிழைத்த ஏழெட்டுக் குடும்பங்கள் மண்ணை வாரி இறைத்தபடி பின்னாலேயே ஓடின. அந்த மாடுகள் என்னவாகியிருக்கும் என்று எல்லாருக்கும் தெரியும், யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. மாடு என்ற சொல்லே அப்போது எங்கள் தோட்டத்தில் ரணமாக இருந்தது. எனக்கு இது தெரியாமல் இல்லை. தெரிந்துதான் அந்தச் சொல்லை எடுத்தேன்.

மறுநாள் காலையில் பைப்படியில் கூட்டம். படிக்கத் தெரிந்த இரண்டு பேர் சத்தமாகப் படிக்க, தெரியாதவர்கள் கேட்டுக்கொண்டு நின்றார்கள். நான் குடத்தை வைத்துக்கொண்டு ஒன்றும் தெரியாதவள் போல வரிசையில் நின்றேன். "அப்ப மத்த சோப்புல இருக்குதா?" என்று ஒருத்தி என்னைக் கேட்டாள். "எனக்கு எப்படித் தெரியும்? என் சோப்பப் பத்தித்தான் எனக்குத் தெரியும்" என்றேன். இதைவிட நல்ல பதில் கிடையாது என்று எனக்குள் ஒரே பெருமை. தோட்டத்தில் சோப்பு காய்ச்சுகிறவர்கள் மொத்தமே இரண்டு பேர்தான்.

அதற்குப் பிறகு நான் ஒன்றும் செய்ய வேண்டியிருக்கவில்லை. மத்தியானத்துக்குள் அந்த அக்கா சோப்பில் மாட்டுக் கொழுப்பு இருக்கிறதாமே என்று பேச்சு வந்துவிட்டது. அதனால்தான் அவ்வளவு வெள்ளையாக இருக்கிறது என்று காரணமும் கூடவே வந்தது. சாயங்காலம் பார்த்தால், அது முகாமில் அறுத்த நம் தோட்டத்து மாட்டின் கொழுப்பு என்றானது. என் வீட்டு வாசலில் ஆட்கள் வந்து நின்றார்கள். நாலு நாளில் நான் காய்ச்சி வைத்திருந்த களி அத்தனையும் தீர்ந்தது. பக்கத்துத் தோட்டத்திலிருந்துகூட ஆள் வந்து கேட்டது. காவி நிறத்தைக் காட்டி, "பாத்தாலே சுத்தம்னு தெரியுதே" என்றார்கள். முந்தின வாரம் இதே நிறத்தைப் பார்த்து மூக்கைச் சுளித்தவர்கள்தான்.

சந்தோஷமாகத்தான் இருந்தது. பொய் சொல்லக்கூடாது. அந்த வாரம் எங்கள் வீட்டில் இரண்டு வேளை அடுப்பு எரிந்தது.

அக்காவின் சோப்பை வாங்கியவர்கள் மிச்சம் மீதியைக் கொண்டுபோய் அவர் வீட்டு வாசலில் எறிந்துவிட்டு வந்தார்கள். அவர் தண்ணீர் பிடித்த பிறகு, பைப்பை மஞ்சள் தண்ணீர் ஊற்றிக் கழுவினாள் ஒருத்தி. அவர் குடத்தைத் தூக்கிக்கொண்டு போனார். நான் அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன். போகப் போகச் சரியாகிவிடும் என்று நினைத்துக்கொண்டேன்.

சரியாகவில்லை. பேச்சு நின்ற இடத்தில் நிற்குமா? முகாமில் அறுக்கிற மாட்டின் கொழுப்பு அவருக்கு எப்படிக் கிடைக்கிறது என்று யாரோ கேட்டிருக்கிறார்கள். புருஷன் ஊரில் இல்லை. தனியாக இருக்கிற பொம்பளை. முகாம் சமையல்கட்டில் சும்மா தூக்கிக் கொடுப்பானா? இதை என்னிடம் வந்து சொன்னவள் பக்கத்து வீட்டுக்காரி. சிரித்துக்கொண்டே சொன்னாள். "நான் அப்படி எழுதலையே" என்றேன். "நீ எழுதினேன்னு யாரு சொன்னா? ஊரு பேசுது" என்றாள்.

அன்றைக்கே போய்த் தகரத்தை அவிழ்த்துக்கொண்டு வந்துவிட்டேன். அது இன்னும் மோசமாகப் போனது. உண்மையை எழுதியதற்காக என்னை யாரோ மிரட்டியிருக்கிறார்கள் என்று ஒரு புதுக் கதை கிளம்பியது. மிரட்டியது முகாம் ஆட்களாம். கிழங்கு பிடுங்கி முடித்த காட்டில் அக்காவின் பெரிய மகள் குச்சியால் மண்ணைக் கிளறி, விட்டுப்போன வேர் ஏதாவது கிடைக்கிறதா என்று தேடிக்கொண்டிருந்ததை அந்த வாரத்தில்தான் பார்த்தேன். வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தேன். தட்டை மூடி வைத்துவிட்டு எழுந்துவிட்டேன்.

விவகாரம் கோயில் வரைக்கும் போனது. மாரியம்மன் திருவிழாவுக்காக அம்மன் சேலைகளையும் திரைத்துணியையும் துவைத்து வைத்திருந்தவர் பெரிய கங்காணியின் மனைவி. துவைத்தது அக்காவின் சோப்பைப் போட்டு. கோயில் பொறுப்பும் பெரிய கங்காணியிடம்தான் இருந்தது. அவர் மனுஷர் மோசமானவர் இல்லை. ஆனால் தன் வீட்டிலேயே வந்து விடிந்துவிட்டது என்ற ஆத்திரம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எல்லாரையும் பெரட்டுக் களத்துக்கு வரச் சொல்லிவிட்டார். தினம் காலையில் ஆள் கணக்கெடுத்து வேலைக்கு அனுப்புகிற இடம் அது.

ஒரு மேஜையில் வெற்றிலை போட்டு, அதன்மேல் ஒரு வில்லை சூடம் வைத்திருந்தார்கள். அப்போது சூடத்துக்கும் பஞ்சம். திருவிழாவுக்கென்று கங்காணி வீட்டுப் பெட்டியில் பத்திரப்படுத்தியிருந்தது அது. சோப்பில் மாட்டுக் கொழுப்பு இல்லை, முகாமுக்குத் தான் போனதும் இல்லை என்று அக்கா சூடம் அடித்துச் சத்தியம் செய்ய வேண்டும். செய்யாவிட்டால் லயத்தைக் காலி செய்துவிட்டுப் பிள்ளைகளோடு தோட்டத்தை விட்டுப் போக வேண்டும். இதுதான் முடிவு. தோட்டத்தை விட்டுப் போனால் ரேஷனும் போய்விடும். சயாமிலிருந்து புருஷன் திரும்பி வந்தால் தேடி வர ஓர் இடமும் இருக்காது.

அக்கா இரண்டு பிள்ளைகளையும் இரண்டு கையில் பிடித்துக்கொண்டு நின்றார். அழவில்லை. "சத்தியம் பண்ணக் கூடாதுன்னு எங்க வேதத்துல இருக்குங்க" என்றார். கூட்டத்தில் சலசலப்பு எழுந்தது. "அதுவும் போகட்டும். சோப்புக்குன்னா சொல்லலாம், அது நான் காய்ச்சினது. மத்ததுக்கு நான் ஏன் சத்தியம் பண்ணணும்? எம் புருஷன் கேக்கட்டும், சொல்றேன். நீங்க யாரு கேக்கறதுக்கு?"

"போர்டுலயே எழுதியிருந்துச்சே" என்று ஒரு குரல் வந்தது.

அக்கா குரல் வந்த பக்கம் திரும்பினார். "போர்டுல அந்தத் தங்கச்சி தன் சோப்பப் பத்தித்தான் எழுதுச்சு. என்னைப் பத்தி ஒரு எழுத்து இல்ல. படிக்கத் தெரிஞ்சவங்கள வாசிக்கச் சொல்லித்தான் கேட்டேன்."

அவர் நக்கலாகச் சொல்லவில்லை. நிஜமாகவே அப்படித்தான் நம்பியிருந்தார். ஊரே என் வார்த்தையின் உள்ளே இருந்த விஷத்தைப் புரிந்துகொண்டபோது, அவர் ஒருத்தர்தான் எழுதியிருந்ததை மட்டும் எடுத்துக்கொண்டார். அதைக் கேட்டதும் என்னால் உட்கார முடியவில்லை. அவர் என்னைத் திட்டியிருந்தால் உட்கார்ந்தே இருந்திருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

எழுந்து மேஜைப் பக்கம் போனேன். என் வீட்டுக்காரர் தடுக்கவில்லை. அந்தச் சூடத்தை ஏற்றினேன். "இந்த அக்கா சோப்புல கொழுப்பு இருக்கறத நான் பாத்ததும் இல்ல, யாரும் எங்கிட்ட சொன்னதும் இல்ல. என் சோப்ப யாரும் வாங்கல. எல்லாரும் பேசணும்னுதான் அப்படி எழுதினேன்" என்று சொல்லிச் சூடத்தை அடித்து அணைத்தேன். உள்ளங்கை சுட்டது.

"அப்ப பொய்யாவா எழுதினே?" என்று கேட்டாள் எங்கள் பக்கத்து வீட்டுக்காரி.

"பொய் இல்ல. என் சோப்புல கொழுப்பு இல்லைன்னு எழுதினேன். அது நெசம்தான்" என்றேன். சொல்லும்போதே எனக்கு அசிங்கமாக இருந்தது. அத்தனை பேருக்கு முன்னால் பொய் சொன்னேன் என்று ஒத்துக்கொள்வதுகூட இதைவிட லேசாக இருந்திருக்கும்.

என் சத்தியத்தோடு எல்லாம் முடிந்துவிடும் என்று நினைத்திருந்தேன். பெரிய கங்காணி தலையை ஆட்டினார். "நீ உனக்குப் பண்ணிக்கிட்டே. நீ பாக்கல, சரி. அவங்க போடலன்னு உனக்கு எப்படிம்மா தெரியும்?" அவர் கேட்டது நியாயம். ஒரு சந்தேகத்தைக் கிளப்ப எனக்கு மூன்று வரி போதுமாக இருந்தது. அதை இறக்கி வைக்க என்னிடம் ஒன்றுமே இல்லை.

அப்போது அக்காதான் பேசினார். "அடுப்புல எண்ணெ காயுது. வந்து பாருங்க எல்லாரும்" என்றார். அவ்வளவுதான். பிள்ளைகளை இழுத்துக்கொண்டு நடந்தார். கூட்டம் பின்னாலேயே போனது.

லயத்துக்குப் பின்னால் மூன்று கல் வைத்த அடுப்பு. அதன்மேல் ஒரு பழைய தகர டின். அக்கா ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார். தேங்காய் எண்ணெய். போர்ட்டிக்சன் பக்கத்துக் கம்பத்திலிருந்து, அதாவது மலாய்க் கிராமத்திலிருந்து, சைக்கிளில் வருகிற மலாய்க்காரப் பெரியவரிடம் வாங்குவது என்று ஆள் அடையாளமும் சொன்னார். தேங்காய் மட்டையை எரித்த சாம்பலில் வடித்த தண்ணீர். எவ்வளவு எண்ணெய்க்கு எவ்வளவு தண்ணீர், எவ்வளவு நேரம் கிண்ட வேண்டும் என்று கங்காணி கேட்கக் கேட்கச் சொன்னார். கடைசியில் ஒரு மூட்டையை அவிழ்த்தார். உள்ளே கல் உப்பு. அதுவும் அந்தப் பெரியவர் கடலோரத்திலிருந்து கொண்டுவந்ததுதான். கொதிக்கிற கூழில் இரண்டு கை அள்ளிப் போட்டார். கொஞ்ச நேரத்தில் கூழ் தயிர் மாதிரித் திரண்டு மேலே வந்தது, கறுப்புத் தண்ணீர் அடியில் நின்றது. திரண்டதை வழித்து மங்கில் வைத்து அழுத்தினார். வெள்ளை வெளேரென்று இருந்தது.

ரகசியம் உப்பில்தான் இருந்திருக்கிறது. நான் இத்தனை நாள் உப்பே போடாமல் காய்ச்சியிருக்கிறேன். இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். அந்த நிலையிலும், அவர் எத்தனை கை உப்பு போடுகிறார் என்று என் கண் எண்ணிக்கொண்டுதான் இருந்தது. சுற்றிலும் பார்த்தேன். எல்லாப் பொம்பளைகளின் கண்ணும் அதைத்தான் எண்ணியது.

"சரிம்மா, ஒண்ணும் இல்ல. வேலையப் பாருங்க" என்று பெரிய கங்காணி கூட்டத்தைக் கலைத்தார். மன்னிப்பு என்ற சொல்லை யாரும் எடுக்கவில்லை. முகாம் விஷயத்தைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. கொழுப்பு இல்லையென்றால் அதுவும் இல்லை என்று தானாக ஆகிவிடும் என்று நான் நினைத்தேன்.

ஒரு மாதத்துக்குள் தோட்டத்தில் வீட்டுக்கு வீடு வெள்ளைச் சோப்பு. சைக்கிள் பெரியவரைத் தோட்ட வாசலிலேயே மறித்துக்கொண்டார்கள். அக்கா முறை வரும்போது எண்ணெயும் இருக்காது, உப்பும் இருக்காது. யாருக்கும் அவர் சோப்பு தேவைப்படவில்லை. மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள அவர் பிழைப்பைத் தூக்கிக் கொடுக்க வேண்டியதாகிவிட்டது. மரவள்ளிக் காட்டில் புல் வெட்டப் போனார். சின்னப் பிள்ளைக்கு அந்த வருஷம் பட்டினியில் வந்த கால் வீக்கம் ரொம்ப நாள் வடியவில்லை. ஒருநாள் கொஞ்சம் அரிசியை முந்தானையில் முடிந்துகொண்டு போய் நின்றேன். அவர் வாங்கவில்லை. "வேணாம் தங்கச்சி. நீ குடுத்தா அதுக்கும் ஒரு பேச்சு வரும்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. நான் சோப்பு காய்ச்சுவதை விட்டுவிட்டேன். அதனால் அவருக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை.

சண்டை முடிந்து, வெள்ளைக்காரன் திரும்பி வந்து, சில மாதங்கள் கழித்து ஒரு மத்தியானம். வாசலில் ஓர் ஆள் நின்றார். எலும்பின்மேல் தோலைப் போர்த்திய மாதிரி இருந்தார். காலில் ஆறாத புண், இலை வைத்துக் கட்டியிருந்தார். யாரென்று தெரியாமல், "என்ன வேணும்?" என்று கேட்டேன். அவர் தன் மனைவியின் பெயரைச் சொல்லி, அவள் புருஷன் என்றார். சயாமிலிருந்து வருகிறார். இன்னும் தன் வீட்டுக்குக்கூடப் போகவில்லை.

"மந்தின்ல இறங்கி ஒரு கடையில தண்ணி கேட்டேன். எந்தத் தோட்டம்னு கேட்டாங்க. சொன்னேன். அங்கதானே சோப்புக்கு முகாமுக்குப் போன பொம்பளன்னு ஆரம்பிச்சாங்க. நான் யாருன்னு தெரியாம சொல்றாங்க. போர்டு எழுதுனது இந்த வீடுன்னும் அவங்கதான் சொன்னாங்க" என்றார். மூச்சு வாங்கியது. "என்ன நடந்துச்சு, சொல்லுங்க."

"அக்காவையே கேளுங்களேன் அண்ணே" என்றேன்.

"அவளக் கேட்டேன்னா நானும் அந்தக் கூட்டத்துல ஒருத்தன் ஆயிடுவேன். அதான் உங்ககிட்ட வந்தேன்."

உட்காரச் சொல்லி, முதலிலிருந்து சொன்னேன். சுவரில் படித்த விளம்பரத்திலிருந்து உப்பு எண்ணியது வரை. பெரட்டுக் களத்தில் சூடம் அடித்தபோது சொல்லாமல் விட்டதையும் சேர்த்துச் சொன்னேன். மாடு என்ற சொல்லைத் தெரிந்தேதான் எடுத்தேன் என்பதையும், பைப்படியில் ஒருத்தி கேட்டபோது எனக்கு எப்படித் தெரியும் என்று நின்றதையும், அக்கா கொடுத்த சோப்பைப் பிச்சை என்று நினைத்ததையும். முடிந்ததும் ஒரு செம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்தார். என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். வாசலில் நின்று, "அவ சத்தியம் பண்ணலயா?" என்று மட்டும் கேட்டார்.

"பண்ணல. எம் புருஷன் கேக்கட்டும், சொல்றேன்னாங்க."

அவர் முகம் கோணியது. அழுதாரா என்று தெரியவில்லை, திரும்பிக்கொண்டார். காலை இழுத்து இழுத்து அடுத்த லயத்துக்கு நடந்தார். மறுநாள் காலையில் பைப்படியில் அக்கா குடத்தை நிரப்ப, அவர் பக்கத்தில் ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தார். யாரும் அவர்களிடம் ஒன்றும் கேட்கவில்லை. அவர் கால் ஆறியதும் தோட்டத்தை விட்டுப் போய்விட்டார்கள். சிரம்பானில் தெமியாங் பக்கம் குடியேறியதாகக் கேள்விப்பட்டேன். நானும் சிரம்பானுக்கு வந்து எத்தனையோ வருஷமாகிறது, தேடிப் போகத் துணிச்சல் வரவில்லை.

மந்தின் கடையில் அதைச் சொன்னவர் யாரென்று எனக்குத் தெரியாது. அவருக்கு யார் சொன்னார்கள் என்றும் தெரியாது. அவர் எங்கள் தோட்டத்தைக் கண்ணால்கூடப் பார்த்திருக்கமாட்டார். நான் சூடம் அடித்தது அந்தக் கடை வரைக்கும் போகவில்லை, அக்கா எல்லார் முன்னாலும் சோப்பு காய்ச்சிக் காட்டியதும் போகவில்லை. நான் கிளப்பிவிட்ட பேச்சு மட்டும் போயிருந்தது. உண்மையை முழுசாக ஒரே ஒரு மனிதரிடம்தான் நேருக்கு நேர் சொல்ல முடிந்தது. அந்தப் பேச்சு போய்ச் சேர்ந்த மற்ற இடங்களுக்கெல்லாம் நான் இன்னும் போய்ச் சேரவே இல்லை.